மூக்கன் வாசிக்கிறான்

ஜூன் 14, சனி

பத்தாம் வகுப்பில் இன்று என்னை இரண்டாம் வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு மாற்றினார்கள். அடுத்து மாற்றுவதென்றால் கரும்பலகைக்குள்தான் உட்கார வைக்க வேண்டும்.

பட்டைப் பேனாவால் எழுதுகிறேன். எழுத்து ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. ஐந்தாறு வரியில் பக்கம் நிறைந்துவிடுகிறது.

கண் டாக்டர் போன வருடமே சொல்லிவிட்டார். விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது, ஓரம் அப்படியே இருக்கும், முழுதாக இருட்டாது, கண்ணாடி போட்டுப் பயனில்லை. எதை நேராகப் பார்க்கிறேனோ அது மறைகிறது. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் மங்கலாகக் கிடைக்கிறது. கணக்கு டீச்சர், "என்னைப் பாத்துப் பேசு" என்று அதட்டுகிறார். பார்த்தால் அவருடைய முகம் போய்விடும், காது இரண்டும்தான் மிஞ்சும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 17, செவ்வாய்

ஒன்று கவனித்தேன். அம்மா என்னைக் 'கண்ணு' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்தே. இப்போது 'இந்தாடி', கோபம் இல்லாதபோது 'தங்கம்'. தங்கம் என்றால் பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுவது போல இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

இந்த வருடம் கம்ப்யூட்டர் பாடம் உண்டு. மாடியில், பழைய உடைசல் பெஞ்சுகள் கிடந்த அறையை ஒழித்து வெள்ளையடித்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். எனக்குக் கொசு. (எலும்பும் தோலுமாக இருப்பாள், காதருகே ஓயாமல் ரீங்காரம். இரண்டாம் வகுப்பில் நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

திரையில் ஓர் அம்புக்குறி ஓடுமாம். அதைப் பிடிக்க வேண்டுமாம். நான் பார்த்தால் அது இல்லை. "அங்க இருக்குடி, அங்க, அங்க!" என்றாள் கொசு. அங்கே பார்த்தால் அங்கேயும் இல்லை. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவளே எல்லாம் செய்தாள்.

ஜூலை 1

இன்றும் கை மடியில்.

ஜூலை 8, செவ்வாய்

கம்ப்யூட்டர் சார் புதுசு. வயது குறைவு, மூக்குக் கண்ணாடியை நிமிடத்துக்கொருமுறை ஏற்றிவிடுவார் என்று கொசு சொன்னாள். இன்று என் பின்னால் வந்து நின்றார்.

"நீ ஏம்மா தொடவே மாட்டேங்கற?"

சொன்னேன். யாரிடமும் இவ்வளவு கோர்வையாக இதைச் சொன்னதில்லை. நேராகப் பார்த்தால் மறையும், அம்பு அகப்படாது, எழுத்து ஈசல் கூட்டம் போல இருக்கும், எல்லாவற்றையும். அவர் ஐயோ என்றும் சொல்லவில்லை, அச்சச்சோ என்றும் சொல்லவில்லை. மவுஸின் வயரைப் பிடுங்கி மேசை டிராயருக்குள் போட்டார்.

"இது இல்லாமயே வண்டி ஓடும்னு கேள்விப்பட்டிருக்கேன். எப்படின்னு எனக்கும் தெரியாது. அடுத்த வாரம் வா, பாப்போம்."

தனக்குத் தெரியாது என்று சொன்ன முதல் வாத்தியார். பயமாகவும் இருந்தது. ஓட்டத் தெரியாதவர் வண்டியில் ஏறியது போல.

"அப்ப நான் எப்படி சார் ஓட்டறது?" என்று கொசு கத்தினாள்.

ஜூலை 15, செவ்வாய்

விசைப்பலகையில் இரண்டு எழுத்துகளின் மேல் மட்டும் சின்ன மேடு இருக்கிறது. ஆள்காட்டி விரல் இரண்டையும் அங்கே வைத்தால் மற்ற எழுத்துகள் தானாகக் கைக்கு வருமாம். தடவிப் பார்த்தேன். கொசுவுக்கு, சாருக்கு, எல்லாருக்கும் அந்த மேடு இத்தனை நாள் அங்கேயேதான் இருந்திருக்கிறது. யாரும் கவனித்ததில்லை.

ஆகஸ்ட் 2, சனி

அம்மா தையல் கடையிலிருந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு உட்காருவாள். நான் எதிரில். பாடப் புத்தகத்தை அவள் வாசிக்க நான் கேட்பேன். ஒன்றரை வருடமாக இதுதான் என் படிப்பு.

அம்மா வரலாறு வாசித்தால் மன்னர்கள் எல்லாரும் சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளைகள் மாதிரி தோன்றும். "படையெடுத்தானாம்! எதுக்குப் போனான்? வீட்ல கெடந்தா என்ன?" கணக்கு வந்தால் இன்னும் வேடிக்கை. "ஒரு பெருக்கல் குறி, அது தலைமேல ஒரு குட்டி ரெண்டு." அவள் எட்டாவதோடு நின்றவள். சில சொற்களில் தடுக்கி, திரும்பி வந்து, மறுபடி தாண்டுவாள். நடுவே சில நாள் குரல் கம்மிவிடும். நாள் முழுக்கக் கடையில் தையல் மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிவிட்டு வருகிறவள்தானே.

பாவமாக இருக்கிறது. ஆனால் 'போதும்மா' என்று சொன்னால் நாளைக்கு நான் என்ன படிப்பது?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று கம்ப்யூட்டர் பேசியது!

திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சார் தேடி இறக்கி வைத்திருந்தார். போட்டதும் ஒரு ஆண் குரல், ஜலதோஷம் பிடித்தவன் போல மூக்காலேயே, "முகப்புத் திரை. மறுசுழற்சித் தொட்டி. பத்தில் ஒன்று" என்றது. வகுப்பே உருண்டு சிரித்தது. கொசு உடனே பெயர் வைத்துவிட்டாள். மூக்கன். போன ஜென்மத்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டாள்.

ஒரு விசையைத் தட்டினால் அடுத்த இடத்துக்குத் தாவுகிறான், தாவிய இடத்தின் பெயரைச் சொல்கிறான். நிறுத்து என்றால் நிறுத்துகிறான். அவனிடம் தொண்டை கம்முவது கிடையாது.

செப்டம்பர் 2, செவ்வாய்

சார் எனக்குத் தேடச் சொல்லிக் கொடுத்தார். முதலில் "மழை" என்று தட்டினேன். லட்சக்கணக்கில் முடிவுகள் என்றான் மூக்கன். "என்ன மழை, எங்க மழை, உனக்கு அதுல என்ன வேணும்? கடையில போய் 'சாமான் குடுங்க'ன்னு கேப்பியா?" என்றார் சார்.

பிறகு ஒரு செய்தித்தாளின் பக்கத்தைத் திறந்தேன். ஒரு பூனை, தண்ணீர்க் குழாய்க்குள் சிக்கி, தீயணைப்புக்காரர்கள் குழாயை அறுத்து எடுத்தார்களாம். வெளியே வந்த பூனை அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டதாம்.

இது பரீட்சைக்கு வராது. யாருக்கும் பிரயோஜனமில்லை. அதனால்தான் எனக்குச் சந்தோஷம். ஒன்றரை வருடமாக எனக்கு வாசிக்கப்பட்டதெல்லாம் பாடம்தான். களைத்து வந்த அம்மாவிடம் பூனைச் செய்தி வாசிக்கச் சொல்ல முடியுமா? இன்று யாரிடமும் கேட்காமல், யாருக்கும் நன்றி சொல்லாமல், ஒரு வெட்டிச் செய்தியை முழுதாகப் படித்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

காலாண்டுத் தேர்வு. நான் சொல்லச் சொல்ல எழுத ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை உட்கார வைத்தார்கள். என்னைவிட அவளுக்குத்தான் நடுக்கம்.

தமிழ்க் கட்டுரை. தலைப்பு 'நான் விரும்பும் இடம்'. எங்கள் வீட்டு மாடிப்படியின் கடைசிப் படியைப் பற்றிச் சொன்னேன். பாதியில் ஒரு வாக்கியம் பிடிக்கவில்லை, அடித்துவிட்டு வேறு எழுது என்றேன். "அக்கா, இடமில்லக்கா" என்றாள். வேறு ஒன்று சேர்க்கச் சொன்னேன். "ஏற்கெனவே அடுத்த பக்கம் வந்துட்டேனேக்கா." அவள்மேல் குற்றமில்லை. அந்தப் பேனா என் கையில் இல்லை, அவ்வளவுதான்.

அக்டோபர் 8, புதன்

விடைத்தாள் கொடுத்தார்கள். தமிழ் மிஸ், "இது நீ எழுதற மாதிரியே இல்லையே. ஏதோ கைடு புத்தகத்துல பாத்த மாதிரி இருக்கு" என்றார். கொசுவை வாசிக்கச் சொன்னேன். 'மாடிப்படி மிகவும் அழகானது. அங்கு காற்று நன்றாக வரும்.'

நான் சொன்னது அது இல்ல. நான் சொன்னது அது இல்லவே இல்ல! கடைசிப் படில உக்காந்தா கீழ் வீட்டுக்காரங்க பேசறது பாதிதான் கேக்கும், மீதியை நானே கட்டிப்பேன்னு சொன்னேன். எங்க போச்சு அது?

அக்டோபர் 10, வெள்ளி

சாரிடம் கேட்டேன். தேர்வை நானே கம்ப்யூட்டரில் எழுதினால் என்ன?

கண்ணாடியை ஏற்றிவிட்டிருப்பார். "முதல்ல உனக்கு வேகமாத் தட்ட வரணும். அப்புறம் தலைமையாசிரியர் அம்மா ஒத்துக்கணும். ரெண்டுல எது கஷ்டம்னு எனக்குத் தெரியல."

அக்டோபர் 25, சனி

தட்டி எழுதும் முதல் குறிப்பு இது. பட்டைப் பேனாவுக்கு ஓய்வு.

அப்பா கூரியர் வேன் ஓட்டுகிறார். அவர் பொட்டலம் கொண்டுபோகும் அலுவலகம் ஒன்றில் ஒரு பழைய மடிக்கணினியைக் கழித்துக் கட்ட இருந்தார்களாம். கேட்டு வாங்கிவந்தார். ஒரு எழுத்து விசையின் மூடி இல்லை, பேட்டரி செத்துவிட்டது, வயரைச் செருகினால்தான் உயிர் வரும். "என்னை மாதிரியே. காலைல டீ செருகலன்னா ஓடாது" என்றார் அப்பா. சார் அனுப்பிய குறிப்பைப் பார்த்து கொசு மூக்கனைக் குடியேற்றினாள். அப்பா ஒரு மணி நேரம் அவனோடு விளையாடினார். தன் பெயரைத் தட்டி அவனைச் சொல்ல வைத்து, "மரியாதையே இல்லாமக் கூப்பிடறான் பாரு" என்றார்.

அக்டோபர் 30, வியாழன்

சாயங்காலம் காதில் இயர்போனோடு உட்கார்ந்திருந்தேன். இணையத்தில் யாரோ ஓர் ஆசிரியர் எழுதி வைத்த வரலாற்றுக் குறிப்புகள். அம்மா முகம் கழுவிக்கொண்டு புத்தகத்தோடு வந்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றாளோ.

"இன்னைக்கு வேணாம்மா. நானே படிச்சுட்டேன்."

"ஓ. சரி."

அவ்வளவுதான். அடுக்களைக்குப் போனாள். பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகப் பேசின.

அவளுக்கு ஓய்வு கிடைத்ததே, நல்லதுதானே? அப்புறம் ஏன் எனக்கு ஏதோ திருடிவிட்டது போல இருக்கிறது?

நவம்பர் 4

அம்மா வாசிக்க வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. வீட்டுக்குள் மூக்கன் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறான்.

நவம்பர் 9, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டே அம்மா கேட்டாள்: "அவன் நல்லாப் படிக்கிறானா?"

"யாரு?"

"அதான், உன் மூக்கன்."

"உன்ன மாதிரி இல்லம்மா. எல்லாத்தையும் ஒரே மாதிரி படிப்பான். ராஜா செத்தாலும் ஒண்ணுதான், ரயில் வந்தாலும் ஒண்ணுதான்."

சிரிக்கவில்லை. ஆனால் என் சட்டையை மடித்து என் மடியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 13, வியாழன்

பெரிய இடி. எங்கள் பாடப் புத்தகங்கள் எல்லாம் கல்வித்துறைத் தளத்தில் இருக்கின்றன, அங்கே கேட்டுக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தேன். இன்று இறக்கினேன். மூக்கன், "படம்" என்றான். அடுத்த பக்கம். "படம்." அடுத்தது. "படம்." முந்நூறு பக்கமும் படம்!

சாரிடம் கேட்டேன். அச்சுப் புத்தகத்தை அப்படியே போட்டோ பிடித்து ஏற்றியிருக்கிறார்களாம். எழுத்தாக இருந்தால்தான் அவனால் படிக்க முடியும். "யாராவது உக்காந்து தட்டணும்" என்றார்.

யாராவது.

நவம்பர் 15, சனி

புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அம்மா முன்னால் வைத்தேன். "அம்மா, நீ வாசி. நான் தட்டறேன்."

"எதுக்கு? அதான் உனக்கு ஆள் வந்தாச்சே."

"அவனுக்குப் படத்தைப் படிக்கத் தெரியாதும்மா. உனக்குத்தான் தெரியும்."

நாற்காலி இழுபடும் சத்தம். "மொதப் பக்கத்துலேர்ந்தா, இல்ல பாதியிலேர்ந்தா?"

தொடங்கினோம். அவள் ஒரு வரி, நான் ஒரு வரி. பின்னால் ஓடினேன். "இருமா, இருமா!" என்று கத்த, "ராஜாவையே நிறுத்தி வெக்கறியேடி" என்றாள். இன்று ஒன்றரைப் பக்கம்தான். விரல் நுனியெல்லாம் எரிகிறது.

நவம்பர் 28, வெள்ளி

இப்போது நான் அவளைத் துரத்துவதில்லை. அவள்தான் சில இடத்தில் என்னிடம் மாட்டிக்கொள்கிறாள். "அதுக்குள்ள முடிச்சிட்டியா? இரு, மூச்சு விட்டுக்கறேன்." இதைக் கேட்கவே தினமும் உட்காருகிறேன்.

தட்டி முடித்த பாடத்தை மூக்கன் திருப்பிப் படிக்கும்போது அம்மாவும் கேட்கிறாள். தப்பாக நிறுத்தினால் அவனை அதட்டுகிறாள்.

டிசம்பர் 3, புதன்

நானும் சாரும் தலைமையாசிரியர் அம்மாவின் அறைக்குப் போனோம். இரும்பு பீரோ, மேலே சுற்றும் விசிறி, விசிறியில் ஒரு கிரீச். முழுதும் கேட்டுக்கொண்டார்.

"இந்தப் பள்ளிக்கூடத்துல இதுவரைக்கும் யாரும் அப்படி எழுதினது கிடையாது. கம்ப்யூட்டர்ல பாத்து எழுதிட்டான்னு நாளைக்கு ஒருத்தன் புகார் குடுத்தா?"

"இன்டர்நெட் வயரையே எடுத்துடலாம் மேடம்" என்றார் சார்.

"சரி. அரையாண்டுத் தமிழ்த் தேர்வை அதுல எழுதட்டும். ஒழுங்கா நடந்தா மேல பேசுவோம்."

வெளியே வந்ததும் சார் என்னிடம் கையை நீட்டினார் போலிருக்கிறது. நான் பார்க்கவில்லை. "கை குடும்மா" என்றார். குடுத்தேன்.

டிசம்பர் 17, புதன்

எல்லாம் போச்சு.

மாடி அறையில் நான், சார், மேற்பார்வைக்கு ஒரு டீச்சர். கேள்விகளை டீச்சர் படிக்க, நான் தட்டினேன். எவ்வளவு நல்லா வந்துது தெரியுமா! கட்டுரையில ஒரு வாக்கியம் பிடிக்கல, அழிச்சேன், திரும்ப எழுதினேன், அதையும் தூக்கி மேல வெச்சேன். யாரும் 'இடமில்லக்கா' சொல்லல. சந்தோஷத்துல சேமிக்கவே மறந்துட்டேன். ஒரே ஒரு தடவ ரெண்டு விசையத் தட்டியிருந்தா போதும். தட்டல.

கரன்ட் போச்சு. விசிறி மெதுவா நின்னுது. மூக்கன் பாதி வார்த்தையில செத்தான். நான் தட்டிக்கிட்டே இருந்தேன் – பேசுவான்னு.

கரன்ட் வந்தப்ப வெள்ளைப் பக்கம். "வெற்று" என்றான். மீதி நேரத்தில் மறுபடி எழுதினேன். என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து பையை எறிந்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். அம்மா வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். "விடு கண்ணு" என்றாள். சொல்லிவிட்டு அவள் கை ஒரு நொடி நின்றது. நானும் கேட்டேன், அவளும் கேட்டாள். கை மறுபடி தடவத் தொடங்கியது.

டிசம்பர் 22, திங்கள்

தமிழில் ஐம்பத்தெட்டு. எழுத்துப்பிழைக்கே நிறையப் போய்விட்டது. 'ன' ஒரு விசை. அதே விசையை ஷிஃப்டோடு தட்டினால் 'ண'. மூக்கன் மூக்கால் பேசுவதால் இரண்டும் என் காதுக்கு ஒன்றுதான். 'அவன் கன் கலங்கியது' என்று எழுதியிருக்கிறேன். "யாருடி அந்த கன்னுக்குட்டி?" என்றாள் கொசு. அவளைக் கிள்ளினேன்.

தலைமையாசிரியர் அம்மா திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "பாத்தியாம்மா? இது அரையாண்டு. பொதுத்தேர்வுல கரன்ட் போனா உன் ஒரு வருஷம் போயிடும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். எழுதித் தர நல்ல பொண்ணாப் பாத்துத் தரேன்."

நியாயமாகத்தான் பேசுகிறார். அதற்கு என்ன பதில் சொல்வது?

ஜனவரி 5, திங்கள்

விடுமுறை முழுக்கப் பதில் தேடினேன். "பார்வைக் குறைபாடு" என்று மட்டும் தட்டாமல், தேர்வு, கணினி, விதி, மாணவர் என்று சேர்த்துச் சேர்த்துத் தேடினேன். தேர்வு வாரியத்தின் தளத்தில், எங்கோ அடியில், எழுத்தாகவே – படமாக இல்லாமல்! – ஒரு விதி அகப்பட்டது. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் முன் அனுமதியோடு கணினியில் எழுதலாம். கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி.

இன்று வாரியத்துக்கு எழுதினேன். வாழ்க்கையின் முதல் மின்னஞ்சல். நான் யார், என்ன கேட்கிறேன், ஏன் கேட்கிறேன். எழுத்து எழுத்தாகக் கேட்டால் 'டண்ணகரம்', 'றன்னகரம்' என்று மூக்கன் பிரித்துச் சொல்கிறான். அப்படி ஒவ்வொரு சொல்லையும் சொல்ல வைத்து 'கண்'ணில் ஷிஃப்ட் இருக்கிறதா என்று பார்த்தேன். அனுப்பும் விசையின் மேல் விரலை வைத்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டேன். "வண்டியைக் கெளப்பு" என்றார். தட்டினேன்.

உடனே பதில்! "தங்கள் கடிதம் கிடைத்தது, விரைவில் கவனிக்கப்படும்." குதித்தேன். அம்மாவைக் கட்டிப்பிடித்தேன்.

ஜனவரி 6, செவ்வாய்

அந்தப் பதிலை எழுதியது ஆள் இல்லையாம். தானாக வருவதாம். "அது மெஷின்மா" என்றார் சார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஆக, ஒரு மெஷின் எழுதியதை இன்னொரு மெஷின் எனக்குப் படித்துக்காட்டியிருக்கிறது. நடுவில் குதித்த ஒரே மனுஷி நான்.

ஜனவரி 20

பதில் இல்லை.

ஜனவரி 29, வியாழன்

வந்துவிட்டது. இம்முறை ஆள்தான். கடைசியில் "நன்கு எழுதியிருக்கிறாய்" என்று இருந்தது, மெஷின் அப்படிச் சொல்லாது. பள்ளித் தலைமையாசிரியரின் பரிந்துரையும் கண் மருத்துவரின் சான்றும் வந்தால் அனுமதி தரப்படுமாம். பேட்டரியுள்ள கணினி வேண்டுமாம். கரன்ட் போன நேரத்தைக் கடைசியில் ஈடுகட்டித் தருவார்களாம்.

பரிந்துரை. மறுபடி அதே அறை, அதே கிரீச்.

பிப்ரவரி 3, செவ்வாய்

அம்மா கடையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு என்னோடு வந்தாள். "நீ பேசு. நான் சும்மா நிக்கறேன்" என்று வழியெல்லாம் சொன்னாள்.

நான் பேசினேன். கரன்ட் போனால் என்ன செய்வார்கள் என்று வாரியம் எழுதியதைச் சொன்னேன். இரண்டு வரிக்கு ஒருமுறை சேமிக்க விரல் பழகிவிட்டதைச் சொன்னேன். காலாண்டில் என் மாடிப்படிக்கு நடந்ததைச் சொன்னேன். தலைமையாசிரியர் அம்மா, "எனக்குப் புரியுதும்மா, ஆனா" என்றார். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

சும்மா நிற்க வந்தவள் வாயைத் திறந்தாள்.

"மேடம், ரெண்டு வருஷமா நான்தான் இவளுக்குப் படிச்சுக் காட்டினேன். நான் இல்லாம இவளால முடியாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். முடியும்னு தெரிஞ்சதும் எனக்குச் சந்தோஷம் வரல மேடம், கோவம்தான் வந்துது. பெத்த எனக்கே அப்படின்னா உங்களுக்குப் பயம் வர்றது தப்பில்ல. தோத்தா தோத்துட்டுப் போறா. அவ சொந்த வார்த்தையில தோக்கட்டும்."

நான் அம்மா பக்கம் திரும்பினேன். நேராகத் திரும்பினேன் போல. அவள் முகம் மறைந்துவிட்டது. சட்டென்று கண்ணை ஓரத்துக்கு நகர்த்தினேன். முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியர் அம்மா, "அந்த மெயிலை எனக்கு அனுப்பு" என்றார். "மெயில் தெரியும்ல?"

தெரியும் மேடம்.

பிப்ரவரி 4, புதன்

நேற்று வீட்டுக்கு வந்த பிறகும் கேட்கவில்லை, இன்று கேட்டேன்: "அன்னைக்குக் கோவம் வந்துதாம்மா?"

"பின்ன? பாத்திரத்தைக் கேட்டுப் பாரு."

மார்ச் 6, வெள்ளி

அனுமதி வந்தது. சார் தன் சொந்தக் கணினியைத் தேர்வுக்குத் தருகிறார். பேட்டரி நான்கு மணி நேரம் தாங்குமாம். கொசு தினமும் எனக்கு 'ண-ன' சோதனை வைக்கிறாள். பத்துக்கு ஒன்பது. அந்த ஒன்றுக்கு அவள் செய்யும் அலட்டல் தாங்கவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

தமிழ்த் தேர்வு முடிந்தது. தனி அறை. கரன்ட் போகவில்லை. போயிருந்தால் என்ன என்று ஒரு வீம்புகூட வந்தது.

கட்டுரைத் தலைப்பு சாதாரணம்தான், 'மழைக்கால மாலை'. எழுதினேன், பாதியை அழித்தேன், மறுபடி எழுதினேன். நேரம் முடிந்ததும் மேற்பார்வைக்கு வந்தவர் அச்செடுத்து என்னிடம் கொடுத்தார், கையெழுத்துப் போட. தாள் சூடாக இருந்தது. ஓரத்தைத் தடவிக் கையெழுத்துப் போட்டேன். முதல்முறையாக, உள்ளே இருப்பது எல்லாம் நான் சொன்னதுதான் என்று தெரிந்து போட்டேன்.

ஏப்ரல் 18, சனி

எல்லாத் தேர்வுகளும் முடிந்தன. தூங்கினேன். எழுந்தேன். தூங்கினேன்.

மே 20, புதன்

தளத்தில் முடிவுகள். எண்ணைத் தட்டியதும் பக்கம் திணறியது. ஊரே தட்டுகிறதே. அப்பா வேனை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்து நின்றார். இயர்போனைப் பிடுங்கி எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தேன். மூக்கன், ராஜா செத்தாலும் ரயில் வந்தாலும் ஒரே குரல்காரன், அதே குரலில் தமிழ் எண்பத்தாறு என்றான். கணக்கு நாற்பத்தொன்பது என்றும் அதே குரலில்தான் சொன்னான். தேர்ச்சி என்றும்.

அம்மா, "இன்னொரு தடவ சொல்லச் சொல்லு" என்றாள். சொன்னான். மறுபடி சொல்லச் சொன்னாள். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கணக்கை மட்டும் விட்டுட்டுச் சொல்லச் சொல்லு" என்றார்.

ஜூன் 21, ஞாயிறு

பதினொன்றாம் வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. பாடம் இன்னும் சூடு பிடிக்கவில்லை. காலையிலிருந்து கம்ப்யூட்டர்தான். கொசுவோடு எழுத்தில் சண்டை, அது சமாதானமானதும் யாரோ கடலுக்கடியில் கப்பல் தேடிப் போன கதை, பிறகு அந்தக் கப்பலைக் கட்டியவன் கதை. குளிக்கவில்லை. சாப்பாட்டுக்கு அம்மா மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள், எனக்குக் கேட்கவில்லை.

அம்மா வந்து இயர்போனைக் காதிலிருந்து இழுத்தாள். "எந்நேரமும் அதுல அப்படி என்னதான்டி இருக்கு? ஞாயித்துக்கெழமையும் அதுவுமா, வெளியில போய் நாலு பேரோட பேசினாத்தான் என்ன? சோறு ஆறிப்போய்க் கெடக்கு. நாளையிலேர்ந்து ஒரு மணி நேரம்தான், அதுக்கு மேல தொட்டே, தூக்கி பீரோவுல வெச்சுப் பூட்டிடுவேன்."

கொசு வீட்டிலும் வார்த்தை மாறாமல் இதே திட்டுதானாம்.

இப்போது அம்மா குளித்துக்கொண்டிருக்கிறாள். அவசரமாகத் தட்டுகிறேன். குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது. சேமிக்கிறேன்.